மூன்றாவது பக்கத்தில் எழுந்து ஓடுகிறான்

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. அழகழகான படங்கள் உள்ள கதைப் புத்தகங்களாகத் தேடி வாங்குகிறேன். வாசிக்க ஆரம்பித்தால் மூன்றாவது பக்கத்திலேயே எழுந்து ஓடிவிடுகிறான். ஒரே ஒரு பழைய புத்தகத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்கிறான். நல்ல படப்புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?
- ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பிள்ளையிடம் குறை ஒன்றும் இல்லை. அந்தப் பழைய புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அநேகமாக அதில் ஒரே வரி அடிக்கடி வரும். அந்த இடத்தில் அவனும் சேர்ந்து சொல்வான். கதை சொல்வதில் அவனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வாசித்துக் காட்டும் புத்தகத்தில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அந்த வேலையைப் படமும் கொடுக்கலாம். பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்து 1968இல் வந்த ‘ரோஸிஸ் வாக்’ என்ற ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு கோழி உலாவப் போய்விட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வருகிறது. எழுத்தில் இருப்பது அவ்வளவுதான். படத்திலோ ஒரு நரி அதன் பின்னாலேயே வந்து, பாய்கிற ஒவ்வொரு முறையும் எதிலாவது மாட்டிக்கொள்கிறது. நரி என்ற சொல்லே கதையில் கிடையாது. நீங்கள் கோழியைப் பற்றி மட்டும் வாசித்துக்கொண்டிருப்பீர்கள், நரியைப் பார்த்துவிட்ட குழந்தை “பின்னாடி பாரு, பின்னாடி பாரு!” என்று கத்தும். “மரத்தில் சிவப்புக் குருவி உட்கார்ந்திருந்தது” என்று எழுதி, அதையே படமாகவும் போட்டுவிட்டால் குழந்தை சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது? படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எழுந்துதான் ஓடும்.

அப்புறம், பக்கம் புரட்டுவது. பெரிய தாளில் அச்சடித்து மடித்து வெட்டுவதால் படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கத்தில் அடங்கிவிடும். அதற்குள் எந்த இடத்தில் பக்கம் திரும்புகிறது என்பதை நல்ல எழுத்தாளர்கள் யோசித்து வைப்பார்கள். “கதவைத் திறந்தால்...” என்று வலது பக்கம் முடியும்; உள்ளே யார் என்பது அடுத்த பக்கத்தில். புரட்டும் வேலையை அவனிடமே கொடுத்துவிடுங்கள். புரட்டுவதற்கு முன் என்ன வரும் என்று ஊகித்து ஏதாவது சொன்னால், தப்பாக இருந்தாலும் திருத்த வேண்டாம்.

வாங்கும் முன் இரண்டு பக்கத்தையாவது மெதுவாக வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். கண்ணால் படிக்கும்போது நன்றாக இருக்கும் வாக்கியம் வாயில் தடுக்கும். அடைமொழி மேல் அடைமொழி வைத்த நீண்ட வாக்கியத்தில், கடைசியில் வரும் வினைச்சொல் வரைக்கும் நான்கு வயதுக் குழந்தை காத்திருக்காது. ‘தடதட’, ‘சளக் சளக்’ போன்ற ஒலிகள் இருந்தால் நல்லது, குழந்தை உடனே பிடித்துக்கொள்ளும். கடைசிப் பக்கத்தில் நீதி போதனை வைத்திருக்கும் புத்தகத்தை நான் வாங்க மாட்டேன். கதையில் அது நடந்துவிட்டது என்றால் குழந்தைக்கே தெரியும்.

ஏற்கெனவே வாங்கிய புத்தகங்களைத் தூக்கிப் போட வேண்டாம். எழுத்தை விட்டுவிட்டு, படங்களை மட்டும் அவனோடு சேர்ந்து பாருங்கள். அவன் சொல்லும் கதையே முதலில் போதும். சில நாள் கழித்து எழுத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், நீளமான பத்தியை உங்கள் சொல்லில் சுருக்கியும் சொல்லலாம். பழைய புத்தகத்தை மட்டும் ஒளித்து வைத்துவிடாதீர்கள். அடுத்த முறை அதை வாசிக்கும்போது, திரும்பத் திரும்ப வரும் அந்த வரிக்கு முன்னால் நிறுத்துங்கள். மிச்சத்தை அவன் சொல்லட்டும்.