உதடு வெடிப்பு: கேமரன் மலை ரிங்லெட் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (தேயிலைத் தோட்டத்தில் வேலை): காலையில பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிஞ்சு மேல ஏறினா குளிர்காத்து அடிக்குது. மத்தியானத்துக்குள்ள உதடு வெடிச்சு ரத்தம் வந்துடுது. நம்ம மலையில எப்பவும் ஈரம்தானே, பிறகு ஏன் காயுது?

பதில்: அக்கா, இங்கே காற்றில் ஈரம் இருப்பது உண்மைதான். உங்கள் உதட்டைக் காய வைப்பது காற்று, வெயில், நாக்கு மூன்றும். கன்னத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. உதட்டின் சிவந்த பகுதியில் அவை அநேகமாக இல்லை, மேல்தோலும் மெல்லியது. ஈரத்தைப் பிடித்து வைக்க மேலே மூடி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்ததும் நாம் அறியாமலே நாக்கு போய் நனைக்கும். அந்த எச்சில் ஆவியாகிப் போனதும் உதடு முன்னைவிட வறண்டு நிற்கும். சோற்றைச் செரிக்க வைக்கும் நொதிகள் எச்சிலில் இருக்கின்றன, அவையும் தோலைப் புண்ணாக்கும்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது வாய் கொப்பளித்து, துணியால் ஒற்றி, லேசாக ஈரம் இருக்கும்போதே வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியை ஒரு பயறளவு எடுத்துப் பூசுங்கள். உதட்டுக் கோட்டைத் தாண்டிச் சற்று வெளியிலும் படட்டும், வெடிப்பு பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் தொடங்கும். காய்ந்து உரிந்த உதட்டின்மேல் பூசினால் பாதிப் பலன்தான், அடைத்து வைக்க உள்ளே ஈரம் வேண்டும்.

ஜெல்லி வெயிலைத் தடுக்காது. 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், குளிராக இருப்பதால் அது நமக்கு உறைப்பதில்லை. கீழ் உதடுதான் அதை நேராக வாங்குகிறது. வெளிவேலைக்கு எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு அளவு) 30 அல்லது அதற்கு மேல் உள்ள உதட்டு பாம் (உதட்டுப் பூச்சு) வாங்குங்கள். அட்டையில் துத்தநாக ஆக்ஸைடு அல்லது டைட்டானியம் டை ஆக்ஸைடு என்று இருந்தால் நல்லது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், சாப்பிட்டு வாய் துடைத்த பிறகும் பூச வேண்டும். ஜெல்லியை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உதட்டுல கொஞ்சம் மினியாக் அங்கின் (மெந்தால் தைலம்) தடவினா சில்லுனு சுகமா இருக்கு. தடவலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அந்தச் சில்லிப்பு மெந்தாலும் கற்பூரமும் நரம்பைத் தூண்டுவதால் வருவது. உதடு ஆறுகிறது என்று அதற்கு அர்த்தமில்லை. வெடித்த தோலில் அவை எரிச்சல் கிளப்பும், எரிந்தால் நக்கத் தோன்றும், நக்கினால் காயும். கடையில் விற்கும் ‘கூல்’ வகைப் பாம்களிலும் இதே சரக்குதான். புதினா, இலவங்கப்பட்டை, ஆரஞ்சு வாசனை போட்டவற்றையும் தவிர்த்துவிடுங்கள். பல நாளாக ஆறவில்லையென்றால் பற்பசையையும் சந்தேகப்படுங்கள். காரமான வாசனைப் பற்பசையை நிறுத்தி, வாசனையில்லாத ஒன்றுக்கு மாறி இரண்டு வாரம் பாருங்கள்.

கேள்வி: வீட்டிலேயே செய்ய முடியுமா? தேங்காய் எண்ணெய் மட்டும் பூசினா போதாதா?

பதில்: தேங்காய் எண்ணெய் கெடுதல் இல்லை, நிற்கத்தான் செய்யாது. அது உருகுவது 24 டிகிரி வாக்கில். விடியற்காலையில் நம் வீட்டுப் போத்தலில் வெள்ளையாக உறைந்து கிடக்கும், உதட்டில் பட்டதும் தண்ணீராக ஓடிவிடும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் தேன்மெழுகு.

தேன்மெழுகு 10 கிராம், தேங்காய் எண்ணெய் 20 கிராம், விளக்கெண்ணெய் 10 கிராம். ஐந்து கிராம் டப்பா எட்டு நிரம்பும். தாப்பா, ஈப்போ மாதிரி கீழே வெக்கையான ஊரில் இருக்கும் உறவுக்குக் கொடுப்பதானால் மெழுகை 13 கிராம் ஆக்குங்கள், இல்லாவிட்டால் பையில் வழியும். மெழுகைச் சீவி, எண்ணெயோடு சின்னக் கிண்ணத்தில் போட்டு, கொதிநீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்குங்கள். மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும், நேரடித் தீயில் வைத்தால் எண்ணெய் கருகும். குளிர்ந்த கரண்டியின் பின்புறம் ஒரு சொட்டு விட்டு, உறைந்ததும் விரலால் தேய்த்துப் பாருங்கள். கட்டியாக இழுத்தால் எண்ணெய் சேர்க்கலாம், கொழகொழவென்று இருந்தால் மெழுகு.

கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். கிண்ணம், டப்பா, விரல் எல்லாம் ஈரமில்லாமல் இருக்கட்டும். தேன் சேர்க்காதீர்கள், எண்ணெயோடு கலக்காமல் அடியில் தங்கும். எலுமிச்சைச் சாறு அறவே கூடாது, அது பட்ட தோலில் வெயில் விழுந்தால் வெந்து கறுத்துப்போகும். சிக்கு வாடை அடித்தால் வீசிவிடுங்கள். முதலில் முழங்கை உள்பக்கம் பூசி இரண்டு நாள் பார்ப்பது அவசியம். மெழுகும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

கேள்வி: உரியுற தோலைச் சீனி வச்சுத் தேய்க்கலாமா?

பதில்: ரத்தம் தெரியும் உதட்டில் கூடவே கூடாது. கடிக்கவும் பிய்க்கவும் வேண்டாம். இரவு ஜெல்லியைத் தடிமனாகப் பூசிப் படுத்தால் காலையில் ஈரத்துணி பட்டதும் தளர்ந்த தோல் தானாக வரும். வராததை விட்டுவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வாய் ஓரம் ரெண்டு பக்கமும் வெடிச்சிருக்கு. பொய்ப்பல் போட்டிருக்கார், இனிப்பு நீரும் (நீரிழிவு) உண்டு. ஜெல்லி போட்டும் போகலை.

பதில்: இது குளிர் வெடிப்பாகத் தெரியவில்லை அம்மா. பொய்ப்பல் தளர்ந்தால் வாயோரம் மடிந்து எச்சில் தேங்கும். அந்த ஈரத்தில் காண்டிடா பூஞ்சையோ பாக்டீரியாவோ வளரும், இனிப்பு நீர் இருந்தால் இன்னும் எளிது. பூஞ்சைக் களிம்பு தேவைப்படலாம், கிளினிக்கில் காட்டுங்கள். சர்க்கரை அளவோடு இரும்புச் சத்து, பி12 பரிசோதனையும் கேளுங்கள். பொய்ப்பல்லை இரவில் கழற்றித் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள். அதைச் செய்யாவிட்டால் களிம்பு போட்டு ஆறினாலும் திரும்ப வரும்.

கேள்வி: ஆறு வயசுப் பொண்ணு. வாயைச் சுத்தி வட்டமா சிவந்திருக்கு.

பதில்: நாக்கு எட்டுகிற தூரம் வரைதான் சிவப்பு என்றால் நக்குவதால் வந்தது. திட்டாதீர்கள், குழந்தைக்குத் தெரிந்து செய்வதில்லை. பள்ளிக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், தூங்கும் முன் வட்டம் முழுவதும் ஜெல்லி. இனிப்புச் சுவை பாம் வாங்கிக் கொடுத்தால் இன்னும் அதிகமாக நக்குவாள்.

கேள்வி: மகன் ரஷ்யாவுக்குப் படிக்கப் போறான். அங்க பனி. என்ன கொடுத்தனுப்ப?

பதில்: அங்கே வெளிக்குளிரோடு அறைச் சூடும் சேர்ந்துகொள்ளும். பூஜ்ய டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 5 கிராம் நீராவிகூடத் தாங்காது. அதே காற்றை அறைக்குள் 22 டிகிரிக்குச் சூடாக்கினால் 19 கிராம் வரை இடம் இருக்கும். ஈரப்பதம் 25 சதவீதத்துக்கு இறங்கிவிடும், உதட்டு ஈரம் அந்தக் காற்றுக்குப் போகும். ஜெல்லி டப்பா இரண்டு, எஸ்.பி.எஃப். பாம் ஒன்று போதும், பனியும் வெயிலைத் திருப்பி அடிக்கும். வெளியே போனால் கழுத்துத் துண்டால் வாயை மூடட்டும், அது மூச்சில் நனைந்தால் மாற்ற வேண்டும். மூக்கடைப்பால் வாய்வழி மூச்சு விடுகிறவன் என்றால் முதலில் மூக்கைக் கவனியுங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறானா என்றும் கேளுங்கள், அதைச் சாப்பிடும் கிட்டத்தட்ட எல்லாருக்கும் உதடு காயும்.

கேள்வி: எவ்வளவு நாள் பார்த்துட்டு டாக்டர்கிட்ட போகணும்?

பதில்: ஒழுங்காகப் பூசி இரண்டு, மூன்று வாரத்தில் ஆறாவிட்டால் போய்விடுங்கள். பல வருடம் வெளிவேலை பார்த்தவருக்கோ வெற்றிலை புகையிலை போடுகிறவருக்கோ கீழ் உதட்டில் சொரசொரப்பான வெள்ளைத் திட்டு, ஆறாத புண், கட்டி தெரிந்தால் மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.