இருபது வருஷப் பூ-எர் தேநீர் வட்டு: வாங்கலாமா, எப்படிக் குடிப்பது?

பூ-எர் என்பது வட்டாக அழுத்தி, வருஷக்கணக்கில் பழுக்க வைக்கிற சீனத் தேயிலை. முகர்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள். உறையில் போட்ட வருஷத்துக்குக் காசு கொடுத்து ஏமாந்தவன் சொல்கிறேன்.

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த புதிதில் கன்டனீஸ் (தென்சீன) நண்பர்களோடு டிம்சம் எனும் சீனச் சிறு பலகாரங்கள் சாப்பிடப் போவேன். பாலும் சர்க்கரையும் இல்லாமல் கறுப்பாக ஒன்றை ஊற்றி, 'போ லே' என்பார்கள். பூ-எர்தான். அந்த எண்ணெய்ப் பண்டங்களுக்கு அது அப்படிப் பொருந்தியது. ஆசைப்பட்டு, 1990களில் அழுத்தியது என்று சொன்ன ஒரு வட்டை வாங்கினேன். பிரித்தால், மழைக்காலத்தில் பூட்டிக் கிடந்த பரண் வாடை. மூன்று தடவை கழுவிக் கொட்டியும் போகவில்லை.

பூ-எரில் இரண்டு வகை. சீனாவின் யுன்னான் மாகாணத்துப் பெரிய இலைத் தேயிலையை வெயிலில் உலர்த்தி, ஆவி காட்டி, கருப்பட்டி வட்டு மாதிரி அழுத்துவது ஷெங். வழக்கமான வட்டு 357 கிராம். இளசாக இருக்கும்போது கசப்பும் துவர்ப்பும் தூக்கலாக இருக்கும். வருஷக்கணக்கில் மெல்ல அடங்கும். அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு ஷு. இலையைக் குவித்து, நீர் தெளித்து, மூடி, சில வாரங்கள் நொதிக்க விடுகிற முறை. 1970களில் வழக்கத்துக்கு வந்தது. ஷெங் பழையதாகப் பழையதாக நிஜமாகவே வேறொரு தேநீராகும். ஷு அந்த அளவுக்கு மாறாது. குவியல் வாடை போய்ச் சற்று மென்மையாகும், அவ்வளவுதான். அதனால் பழைய ஷுவுக்கு ஷெங்கின் விலை கேட்டால் நான் கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று, உறையில் 7542 என்று எண் போட்டிருந்தால் 1975-இல் செய்தது என்று நினைத்துவிடாதீர்கள். 75 அந்தக் கலவை உருவான வருஷம், 4 இலையின் தரம், கடைசி 2 அதைச் செய்த மெங்ஹாய் தொழிற்சாலை. போன வருஷம் அழுத்திய வட்டிலும் இதே எண் இருக்கும்.

வயதைவிட, அது எங்கே கிடந்தது என்பதுதான் முக்கியம். யுன்னானின் தலைநகர் குன்மிங்கின் உலர்ந்த காற்றில் மெதுவாகப் பழுக்கும். ஹாங்காங், மலேசியப் புழுக்கத்தில் சீக்கிரம் பழுக்கும். பழைய மரம், கற்பூரம், காய்ந்த பேரீச்சை வாசனை வரலாம். பூஞ்சை வாடையோ புளித்த நெடியோ வந்தால் வேண்டாம்.

குடிக்க, வட்டின் ஓரத்தில் கோணி ஊசியைச் செருகி இலை அடுக்கைப் பெயர்த்தெடுங்கள், இடித்து நொறுக்க வேண்டாம். 100 மில்லி கிண்ணத்துக்கு 6 கிராம் போதும். தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்றி உடனே கொட்டிவிட வேண்டும். அது இலையைக் கழுவ. அடுத்த ஊற்று பத்து விநாடி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டினால் எட்டு, பத்து ஊற்று தாங்கும். எனக்கு நாலாவது ஊற்றுதான் பிடிக்கும், கசப்பு இறங்கித் தொண்டையில் ஒரு இனிப்பு நிற்கும். பால் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். (ஊரிலிருந்து வந்த அப்பா ஊற்றினார். "கஷாயத்துக்கு இது தேவலை" என்றார்.)

மிச்சத்தைச் சமையலறையிலும் சாமி அறையிலும் வைக்காதீர்கள். மசாலா, சாம்பிராணி எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும்.

நீங்கள் பார்த்து வைத்திருப்பது ஷெங்கா, ஷுவா? எதுவானாலும் முதலில் 25 கிராம் மட்டும் கேளுங்கள். கிள்ளித் தர மறுத்தால், முதல் வட்டாக ஐந்தாறு வருஷ ஷு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.