வெளியே கிடக்கிற மரச்சாமான்: வாசகர் கேள்வி-பதில்

முற்றத்தில் போட்ட தேக்கு வாங்கு சாம்பல் நிறமாகிவிட்டது. மரம் கெட்டுவிட்டதா? (நுவரெலியா)

கெடவில்லை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் மேற்பரப்பில் நாரைப் பிணைத்து வைக்கிற லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, மிஞ்சுகிற நார்தான் அந்தச் சாம்பல். ஒரு மில்லிமீற்றர் ஆழம்கூட இருக்காது. 80 நம்பர் சாண்ட் பேப்பரும் அப்புறம் 120உம் போட்டு நார் ஓடும் திசையிலேயே தேய்த்தால் பழைய நிறம் வந்துவிடும். என்னைக் கேட்டால் தேக்குக்கு அந்தச் சாம்பலே அழகு, விட்டுவிடலாம். கறுப்புப் புள்ளி இருந்தால் அது பூஞ்சணம். சோப்புத் தண்ணீரும் நைலோன் பிரஷும் போதும், கம்பி பிரஷ் மட்டும் வேண்டாம், அதன் இரும்புத் துணுக்கு மரத்தில் தங்கி ஈரம் பட்டதும் கருநீலக் கறையாகும்.

வருடா வருடம் வார்னிஷ் அடிக்கிறேன், வருடா வருடம் உரிகிறது. (பண்டாரவளை)

அப்படியானால் அடிப்பதை நிறுத்துங்கள். நிறமில்லாத வார்னிஷ் வழியாக வெயில் உள்ளே போய் மரத்தைச் சிதைக்கும், பிடிமானம் போகும், ஒரு வெடிப்பில் நுழைந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். முழுவதையும் சுரண்டிவிட்டு, நிறமி கலந்த, மரத்துக்குள் ஊறுகிற வெளிப்புற வூட் ஸ்டெயினுக்கு மாறுங்கள். அது உரியாது, மெல்ல மங்கும். மங்கினதும் கழுவிக் காயவைத்து இன்னொரு கோட், அவ்வளவுதான்.

ஹோம்ஸ்டே டெக்கில் சில பலகை கால் வைத்தால் அமுங்குகிறது. பட்டி வைத்து அடைக்கலாமா? (ஹட்டன்)

ஆட்கள் நிற்கிற இடம், விளையாட வேண்டாம். ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பலகையின் நுனிகளிலும், ஆணித் துளைகளைச் சுற்றியும், பலகை கீழ்ச்சட்டத்தில் உட்காரும் இடத்திலும் குத்திப் பாருங்கள். தேநீரில் ஊறின ரஸ்க் மாதிரி உள்ளே இறங்கினால் பலகையை மாற்றத்தான் வேண்டும், பட்டி ஈரத்தைப் பூட்டி வைக்குமே தவிர பலம் தராது. கழற்றின கையோடு கீழ்ச்சட்டத்தையும் குத்திப் பாருங்கள், அதுவும் இற்றிருந்தால் தச்சு பாஸ் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

புதுப்பலகையை நெருக்கிப் போடாமல் 5 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். மரம் தண்ணீரை அதிகம் குடிப்பது அறுத்த நுனியில்தான், பூட்டுமுன் அங்கே வூட் ஸ்டெயின் இரண்டு மூன்று கோட் கூடுதலாகக் கொடுங்கள். ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். இடைவெளியில் சிக்குகிற பைனஸ் இலையைப் பழைய கத்தியால் கிளறி எடுங்கள். அப்புறம் டெக்குக்கு அடியில் விறகு அடுக்காதீர்கள், காற்று ஓடினால்தான் காயும்.

கழித்த எஞ்சின் ஒயில் பூசலாமா? இல்லை தேங்காயெண்ணெய்? (தலவாக்கலை)

இரண்டுமே காயாது. முன்னது உடுப்பில் ஒட்டும், மழையோடு கரட் பாத்திக்கும் போகும். லின்சீட் எண்ணெய் காயும், ஆனால் நம் மிஸ்டில் பூஞ்சணத்துக்கு அது தீனி, அதனால் பூஞ்சணத் தடுப்பு சேர்த்த வெளிப்புற எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும்.

எந்த மாதம் செய்வது? (பதுளை)

ஹட்டன் பக்கம் தென்மேல் பருவமழை, அதனால் அவர்களுக்கு வேலைக்கு ஏற்றது ஜனவரி முதல் மார்ச் வரை. உங்களுக்கு வடகீழ் மழை, அதனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. எங்கே என்றாலும் தொடர்ந்து சில நாள் வெயில் பார்த்து, காலைப் பனி நன்றாக உலர்ந்தபின் தொடங்குங்கள், பின்னேரம் மிஸ்ட் இறங்குமுன் பிரஷைக் கழுவி வைத்துவிடுங்கள்.