உள்ளம் வறண்ட நிலையில் சபையை நடத்துவது எப்படி? சுவிசேஷம் தலைவர்களுக்கும் உரியதா?

"மூன்று ஆண்டுகளாகச் சபையின் செயற்குழுவில் இருக்கிறேன். கூட்டம், கணக்கு, கட்டடம், பிணக்கு என்றே நாட்கள் போகின்றன; ஜெபிக்க மனம் வருவதில்லை. சுவிசேஷம் புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்களுக்கு உரியது, தலைமைத்துவத்துக்கு நிர்வாகத் திறமைதான் வேண்டும் என்கிறார்கள். நான் விலகுவதா, தொடர்வதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிறர் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் அந்த எண்ணத்தோடுதான் நானும் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலுள்ள ஒரு சிறு சபையில் பதினொரு ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். சுவிசேஷத்தைப் பாலர் வகுப்பின் அரிவரிப் பாடமாகவும் தலைமைத்துவத்தை மேல்வகுப்புப் பாடமாகவும் எண்ணியிருந்தேன். மேல்வகுப்புக்கு வந்துவிட்டவன் மறுபடி அரிவரிக்குப் போவதில்லை அல்லவா? அந்த எண்ணம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லுமுன், அது வேதத்துக்கே பொருந்தாதது என்பதைக் காட்ட வேண்டும்.

கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவரோடு, ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, எருசலேம் சபையின் தலைவர்களுள் ஒருவரான யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தவுடன் அவர்களுக்குப் பயந்து மெல்ல விலகிக்கொண்டார். மற்ற யூதரும் விலகினார்கள். பர்னபாவும்கூட இழுபட்டுப் போனார். எல்லோருக்கும் முன்பாகப் பவுல் பேதுருவைக் கண்டித்தபோது, விருந்தோம்பல் முறை தவறியது என்றோ, தலைவருக்குரிய கண்ணியம் கெட்டது என்றோ குற்றம் காணவில்லை. "சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி சரியாய் நடவாததை" கண்டதாகவே எழுதுகிறார். பெந்தெகொஸ்தே நாளில் எழுந்து நின்று பிரசங்கித்தவர் பேதுரு. சுவிசேஷம் அறியாதவர் அல்லர். ஆனாலும் அவருடைய வாழ்க்கையில் ஓர் இடத்துக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதே அந்த இடம்.

யாழ்ப்பாணத்தவருக்கு இந்தப் பகுதிக்கு விளக்கவுரை தேவையில்லை. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கே வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கிய காலத்திலேயே, விடுதிப் பிள்ளைகளுக்குச் சமைப்பவர் யார், யாரோடு யார் உண்பது என்பது சாதியால் பெரும் சிக்கலாக இருந்தது. நூறு ஆண்டுகள் கழிந்து, 1920களின் பிற்பகுதியிலும், பாடசாலைகளில் சம ஆசனத்துக்காகவும் சமபந்திக்காகவும் போராட வேண்டியிருந்தது. ஞானஸ்நானம் பெற்றிருந்தோம், கீர்த்தனைகள் பாடினோம், வேதம் வாசித்தோம். இருந்தும் பந்தியில் அந்தியோகியாவின் பேதுருவாகவே இருந்தோம். 1995 ஒக்டோபர் 30 இரவு போரினால் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் எவருக்கும் முன்வரிசை இருக்கவில்லை. மூப்பர் என்றும் கூலிவேலை செய்தவர் என்றும் பாராமல் எல்லோரும் ஒரே மழையில் நனைந்தோம். திரும்பி வந்து கூரை போட்டதும் முன்வரிசைகளையும் மறுபடி போட்டுக்கொண்டோம் என்பதை நினைக்கும்போது இன்றும் என் மனம் நோகிறது.

பேதுரு ஏன் விலகினார் என்பதற்கு வேதம் தரும் காரணம் பயம். என் அனுபவத்தில் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களின் பாவங்களுள் பெரும்பாலானவை நிர்வாகப் பிரச்சினை போலத் தோற்றமளித்தாலும், அவற்றின் வேர் இந்தப் பயமே: என் மதிப்பு போய்விடுமோ, என்னைக் குறைவாக நினைப்பார்களோ என்ற பயம். சைவ மண்ணில் வளர்ந்த நமக்கு ஆணவம் என்ற சொல்லை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் ஆணவமும் பயமும் ஒரே முகத்தின் இரு கன்னங்கள் என்பதை நான் மிகவும் பிந்தித்தான் கண்டுகொண்டேன். இயேசு சிலுவையில் மரித்ததால் என்மேல் இருந்த தீர்ப்பு முடிந்துவிட்டது, இனி என்னை நானே நியாயப்படுத்த வேண்டியதில்லை என்பதுதான் சுவிசேஷம். அதை மெய்யாகவே நம்புகிறவனால் மட்டுமே கூட்டத்தின் நடுவில் நின்று "நான் செய்தது பிழை" என்று சொல்ல முடியும். நம்பாதவன் எவ்வளவு திறமையானவனாக இருந்தாலும் தன்னைக் காத்துக்கொள்ளவே தன் திறமை முழுவதையும் செலவழிப்பான்.

நான் அப்படித்தான் செலவழித்தேன். கனடாவில் இருக்கும் ஒரு குடும்பம், போரில் கணவரை இழந்த பெண்களின் பிள்ளைகளுக்கு ரியூசன் கட்டணம் கட்டுவதற்கென்று மூன்று இலட்சம் ரூபா அனுப்பியிருந்தது. சபை மண்டபத்தின் கூரை வேலை பாதியில் நின்றது. கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு ஆறு கிழமைகளே இருந்தன. பிறகு திருப்பி வைத்துவிடலாம் என்று எண்ணி, எவரையும் கேட்காமல் அந்தப் பணத்தைக் கூரைக்குப் போட்டேன். ஒரு சதமும் என் கைக்குப் போகவில்லை என்பதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், சனிக்கிழமைதோறும் கோயில் முற்றத்தைக் கூட்டுகிற ஓர் ஆச்சி எழுந்து, "தம்பி, பிள்ளையளுக்கெண்டு வந்த காசு எங்கை போனது?" என்று கேட்டார். கணக்கு வாசிக்கத் தெரியாதவர்கள் கணக்குக் கேட்கக் கூடாது என்றேன் நான். சிலர் சிரித்தார்கள். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதன்பின்னும் நான் ஜெபம் நடத்தினேன், வேதபாடம் வாசித்தேன், போதகர் இல்லாத ஞாயிறுகளில் பிரசங்கமும் செய்தேன். உள்ளே ஒன்றும் இல்லாதபோதும் நாக்கு வேலை செய்துகொண்டே இருக்கும். தலைமைப் பொறுப்பில் இருக்கும் மிகப் பெரிய ஆபத்து அதுதான் என்று நினைக்கிறேன். வேதத்தைத் திறந்தால் அடுத்தவருக்கு என்ன சொல்லலாம் என்றே கண் தேடியது. நீங்கள் எழுதியிருக்கும் வறட்சி இதுவாக இருக்கலாம். உடல் களைப்பாகவும் இருக்கலாம். களைப்பு என்றால் ஓய்வெடுங்கள். எலியாவுக்குக்கூட தேவதூதன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும் உறக்கமும்தான். ஆனால் எனக்கு ஓய்வு உதவவில்லை.

விலகல் கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு, இளைப்பாறிய போதகர் ஒருவரிடம் போனேன். ஐயா முழுவதையும் கேட்டுவிட்டு, "ஆரிட்டையாவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கோ?" என்றார். களைப்பைச் சொல்ல வந்தவனிடம் இதைக் கேட்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. அவர் தன் கிணற்றின் கதையைச் சொன்னார். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர், இராணுவத்திடமிருந்து காணி விடுவிக்கப்பட்டுத் திரும்பியபோது வீடு இருந்த இடம் தெரியவில்லை. கிணறு கல்லாலும் இடிபாடுகளாலும் நிரம்பிக் கிடந்தது. ஆட்களைப் பிடித்து நாட்கணக்காகக் கல் எடுத்தபின் ஊற்று தெரிந்தது. ஆனால் வந்த தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. பல தடவை இறைத்து இறைத்து வெளியே ஊற்றிய பிறகே அது தெளிந்தது. பெலிஸ்தர் தூர்த்துப்போட்ட ஆபிரகாமின் கிணறுகளை ஈசாக்கு மறுபடி தோண்டியதை ஆதியாகமம் 26இல் அதுவரை வரலாறாக மட்டுமே தான் படித்திருந்ததாகச் சொன்னார் அவர். மனந்திரும்புதலும் அப்படித்தான். 1517இல் மார்ட்டின் லூதர் எழுதிய தொண்ணூற்றைந்து கூற்றுகளில் முதலாவது, விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பது. ஒரு முறை இறைத்துவிட்டு மூடிவைக்கும் கிணறு இல்லை இது.

பிறகு லூக்கா 22ஐ வாசிக்கச் சொன்னார். தங்களில் பெரியவன் யார் என்ற வாக்குவாதம் சீஷருக்குள் எழுந்தது கடைசி இராப்போசனப் பந்தியிலேயே என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். அதே பந்தியில், மறுதலிக்கப்போகும் சீமோன் பேதுருவைப் பார்த்து இயேசு, "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்கிறார். விழுவான் என்று தெரிந்தே, அவனுக்காக ஏற்கெனவே ஜெபித்து, எழுந்தபின் செய்யவேண்டிய வேலையையும் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார். யோவான் நற்செய்தியில் பேதுரு மறுதலித்தது கரிநெருப்பு அருகே. உயிர்த்த இயேசு அவனிடம் "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று முறை கேட்டதும் கடற்கரையில் ஒரு கரிநெருப்பு அருகே. ஒப்படைத்தபோதும் "என் ஆடுகளை" என்றே சொன்னார், உன் ஆடுகளை என்று அல்ல. அந்தப் பேதுருதான் முதிர்ந்த வயதில் மூப்பருக்கு எழுதும்போது, "சுதந்தரத்தை இறுமாப்பாய் ஆளுகிறவர்களாக அல்ல, மந்தைக்கு மாதிரிகளாகவும்" கண்காணிக்கச் சொல்கிறார். சுதந்தரம் என்பது இங்கே அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட மக்கள். தான் விழுந்ததை மறவாதவரின் அறிவுரை அது.

அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, கனடாப் பணத்தை என்ன செய்தேன் என்றும், ஆச்சியை எப்படி அவமதித்தேன் என்றும் சொன்னேன். எல்லோரும் மகிழவில்லை. இருவர் இதை வெளியே சொல்லியிருக்கக் கூடாது, சபையின் பெயர் கெடும் என்றார்கள். ஒரு குடும்பம் சில மாதங்கள் ஆராதனைக்கு வரவில்லை. பணம் அனுப்பியவர்களுக்கும் எழுதினேன். பதினான்கு மாதங்களில் அந்த நிதி முழுவதும் திரும்ப வைக்கப்பட்டது. அதில் என்னால் இயன்றதை என் சம்பளத்திலிருந்து போட்டேன். அன்றிலிருந்து, எந்த நோக்கத்துக்காக ஒரு நன்கொடை வருகிறதோ அந்தக் கடிதம் ஆராதனை முடிவில் வாசிக்கப்படுகிறது. இருவர் கையொப்பமிடாமல் பணம் எடுக்க முடியாது.

சுவிசேஷமா, நிர்வாகத் திறமையா என்ற கேள்வியே பிழையானது என்று நான் சொல்வது இதனால்தான். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியே கொண்டுபோகவில்லை. தீத்துவோடு, சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் கூட்டி அனுப்புவதாக 2 கொரிந்தியர் 8இல் எழுதுகிறார், ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்கு. கிறிஸ்து ஐசுவரியமுள்ளவராயிருந்தும் நமக்காகத் தரித்திரரானார் என்ற வசனமும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. கிருபையைப் பற்றிய பேச்சும் கணக்குப் புத்தகமும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

நம் மண்ணில் இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேப் வாஸ் அடிகள், நோயாளியாகவும் ஏழையாகவும் வந்துதான் சிதறியிருந்த மக்களைத் தேடினார். சில்லாலை அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. 2015இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். நான் புரட்டஸ்தாந்து சபையைச் சேர்ந்தவன். ஆயினும் அவரிடம் கற்றுக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணத்தின் முதற் பேராயரான சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் கிருபை என்பதை ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். ஆதீனத்தின், அதாவது பேராயத்தின், தலைமைப் பொறுப்பை ஏற்றவர் அரிவரிப் பாடத்தை விட்டுவிடவில்லை.

விலகுவதா, தொடர்வதா என்ற கேள்விக்கு வருகிறேன். சில தவறுகள் செய்தவர் கட்டாயம் பொறுப்பிலிருந்து இறங்க வேண்டும்: சபைப் பணத்தைத் திருடியவர், பிள்ளைகளுக்கோ பெண்களுக்கோ தீங்கு செய்தவர் ஆகியோருக்கு மன்னிப்பு உண்டு, ஆனால் பதவி மன்னிப்போடு சேர்ந்து வருவதில்லை, சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். உங்களுடையது அப்படியானதல்ல என்று எண்ணுகிறேன். ஆகவே கடிதத்தை இப்போது கொடுக்க வேண்டாம். உங்களுக்கு எதிரே உட்காரும்போது நீங்கள் கண்ணைத் திருப்பிக்கொள்ளும் ஒருவர் சபையில் இருக்கிறாரா என்று பாருங்கள்; இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு முன்பே அவர் வீட்டுக்குப் போங்கள்.

நான் பொதுக்கூட்டத்தில் பேசுவதற்கு முதல் நாள் மாலை ஆச்சி வீட்டுக்குப் போனேன். ஒரு வெள்ளிக்கிழமை. படலையில் நின்று கூப்பிட்டபோது எனக்குக் குரல் வரவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததை மறந்து, "ஆச்சி, நான் உங்களுக்கு அநியாயம் செய்துபோட்டன்" என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டுப் பனங்கட்டியோடு தேநீர் தந்தார். காசைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர்கள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று தெரியுமா என்று கேட்டார். எனக்கு இரண்டு பெயர்கள்தான் தெரிந்திருந்தன. புறப்படும்போது, "நாளைக்குச் சனி. வேப்பஞ்சருகு கனக்கக் கொட்டிப்போய்க் கிடக்குது, வெள்ளன வாருமன்" என்றார். கூட்டம் பத்து மணிக்கு; நான் ஆறு மணிக்கே விளக்குமாற்றோடு போனேன்.