நகை மாமியார் லாக்கர்ல, கேஸ் சென்னைல!

கேள்வி: ரொம்ப நாளா சேலத்துல அம்மா வீட்லதான் இருக்கேன், அவர் சென்னைல டைவர்ஸ் கேஸ் போட்டுட்டார். பாப்பா செலவுக்கு பைசா தர்றதில்ல, என் நகையெல்லாம் மாமியார் லாக்கர்ல. என்ன பண்றது மேடம்?

பதில்: முதல்ல கோர்ட் சம்மனை வாங்காம திருப்பி அனுப்பிடாதீங்கம்மா, நீங்க போகலேன்னா எக்ஸ்பார்ட்டி ஆக்கிடுவாங்க, அதாவது நீங்க இல்லாமலே கேஸை முடிச்சிடுவாங்க. கேஸை சேலத்துக்கு மாத்தச் சொல்லி ஹைகோர்ட்ல டிரான்ஸ்பர் மனு போடலாம், சின்னக் குழந்தைய வச்சுக்கிட்டு அலையுறவங்கன்னா கோர்ட் அதைப் பாக்கும். டைவர்ஸ் முடிஞ்சாதான் ஜீவனாம்சம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, இப்பவே சேலத்துலயே தனியா கேக்கலாம், 2020ல சுப்ரீம் கோர்ட் சொன்னபடி மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு, அதனால தள்ளிப்போடப் போட நஷ்டம் உங்களுக்குத்தான். ரெண்டு பேருமே வருமானம், சொத்து விவரத்தை அஃபிடவிட்டா (சத்தியம் பண்ணி எழுதித் தர்ற பத்திரமா) போடணும், அவர் சம்பளத்த அதுல காட்டியே ஆகணும். நகை உங்க சீதனம், முழுக்க உங்களோடது, 1985லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு (மாமியார் என்ன சொன்னாலும் சரி!). கடை பில், ஆரம் தெரியுற கல்யாண போட்டோ எல்லாம் எடுத்து வைங்க. வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காமலே இலவசமா வக்கீல் வச்சுத் தருவாங்க.