வீட்டில் தமிழ் பேசுவதால் பிள்ளையின் ஆங்கில மரியாதை கெடுமா?

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் ஹாரோவுக்கு வந்து குடியேறியிருக்கிறோம். ஒன்பது வயது மகன் இப்போது ஆங்கிலத்தை ஏறக்குறையப் பிழையின்றிப் பேசுகிறான். ஆனால் வகுப்பில் மரியாதைக் குறைவாகப் பேசுவதாக ஆசிரியை சொல்கிறார். வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்திலேயே பேசலாமா?

பதில்: தமிழை விட வேண்டாம், அதனால் இந்தச் சிக்கல் தீரப்போவதில்லை.

தமிழில் மரியாதையின் பெரும்பகுதி வினைச்சொல்லின் விகுதியிலேயே அடங்கிவிடுகிறது. தங்கையிடம் 'பென்சிலைத் தா' என்று சொல்லும் பிள்ளை, பெரியவரிடம் 'பென்சிலைத் தாங்கோ' என்றால் போதும். அதற்கு மேல் 'தயவுசெய்து' என்று சேர்த்தால் வீட்டுப் பேச்சில் அது செயற்கையாக ஒலிக்கும். ஆங்கில வினையில் இப்படிப்பட்ட விகுதி இல்லாததால், மனத்தில் 'தாங்கோ' என்று நினைத்துக்கொண்டு அவன் 'கிவ் மீ த பென்சில்' என்கிறான். ஆசிரியையின் காதில் அது வெறும் 'தா' என்றே விழுகிறது. ஆங்கிலேயர் அந்தப் பணிவை 'குட் ஐ ஹேவ்' (Could I have) என்ற கேள்வி வடிவிலும் 'ப்ளீஸ்' என்ற சொல்லிலும் காட்டுகிறார்கள். எதிர்த்திசையிலும் இதே சிக்கல் உண்டு. 'வுட் யூ லைக் டு சிட் டவுன்?' என்று ஆசிரியை கேட்பது கட்டளை; விருப்பத்தைத்தான் கேட்கிறார் என்று நம்பி உங்கள் மகன் 'நோ' என்றிருந்தால், அதுவும் எதிர்த்துப் பேசியதாகவே கணக்கில் ஏறியிருக்கும்.

இலக்கணப் பிழையைக் கேட்பவர், பிள்ளைக்கு மொழி இன்னும் வரவில்லை என்று விட்டுவிடுவார். சூழலுக்குப் பொருந்தாத பேச்சைக் கேட்டாலோ குணத்தையே குறை சொல்வார். மொழியியலாளர் ஜென்னி தாமஸ் 1983இல் சுட்டிக்காட்டிய இந்த வேறுபாட்டின்படி பார்த்தால், உங்கள் மகனின் சரளமே அவனுக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது.

இரு மொழிகள் இருப்பது இங்கே உதவியே செய்யும். ஸ்பெயினின் காஸ்தெயோன் நகரில் ஆங்கிலம் பயின்ற பல்கலைக்கழக மாணவியரை மரியா பிலார் சஃபோன்த் ஆராய்ந்தபோது, ஸ்பானியம் மட்டுமே அறிந்தவர்களைவிட, கட்டலான் மொழியும் சேர்த்து அறிந்தவர்களே வேண்டுகோள்கள் சூழலுக்குப் பொருந்துகின்றனவா என்பதைக் கூடுதலாக உணர்ந்தார்கள். அவர்கள் வளர்ந்தவர்கள் என்பதால் ஒன்பது வயதுக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாதுதான்; ஆயினும் தங்கையிடம் ஒரு விதமாகவும் அம்மம்மாவிடம் வேறு விதமாகவும் பேசத் தெரிந்த பிள்ளைக்கு, ஆளறிந்து பேச வேண்டும் என்ற அடிப்படையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே 'மரியாதையாகப் பேசு' என்று கண்டிப்பதில் பயனில்லை, ஏனென்றால் மரியாதையாகப் பேசுவதாகவே அவன் எண்ணியிருக்கிறான். ஒரே வேண்டுகோளைத் தங்கை, அம்மம்மா, ஆசிரியை, பேருந்து ஓட்டுநர் ஆகியோரிடம் எப்படிக் கேட்பாய் என்று முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே எது மாறுகிறது என்பதை அவனே கண்டுபிடிக்கட்டும். 'தாங்கோ' பற்றி ஆசிரியையிடமும் விளக்கி, அடுத்த முறை கடிந்துகொள்வதற்குப் பதிலாகச் சரியான தொடரை உடனே எடுத்துக்கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.