கம்பியூட்டர் படிக்க கொழும்புக்கு ஓடோணுமோ?

கேள்வி: ஏ.எல்லில மற்ஸ் படிக்கிறன். கம்பியூட்டர் சயன்ஸ் எண்டா கொழும்புக்குத்தான் போகோணுமோ, என்ன வேலை கிடைக்கும்? வீட்டில பழைய லப்டொப் ஒண்டுதான் இருக்கு.
- மாணவி, புதுக்குடியிருப்பு

பதில்: ஓடத் தேவையில்லை தங்கச்சி. வவுனியா பம்பைமடுவில இருந்த யாழ் பல்கலைக்கழகக் கம்பஸ் 2021 ஆகஸ்டில வவுனியாப் பல்கலைக்கழகமாவே ஆகிட்டுது, அங்க ஐரி (தகவல் தொழினுட்பம்) இருக்கு, கிளிநொச்சி அறிவியல்நகரில யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில கம்பியூட்டர் எஞ்சினியரிங் இருக்கு, ஆனா எங்க எண்டதை உங்கட இசட் ஸ்கோர்தான் (ஏ.எல் புள்ளியள வைச்சுக் கணிக்கிற தரப்புள்ளி) சொல்லும். கோட் அடிக்கிறது மட்டும்தான் வேலை எண்டு கனபேர் நினைக்கினம், பிழை தேடுற கியூஏ, டேட்டாபேஸ், நெட்வேர்க் எண்டு கனக்க இருக்கு, சிலதை வீட்டில இருந்தே செய்யலாம் (கரண்ட் நிண்டாத்தான் தலையிடி). அந்தப் பழைய லப்டொப்பில லினக்ஸ் எண்ட இயங்குதளத்தைப் போட்டுப் பைதன் எண்ட கோட் எழுதுற மொழியைப் பழகுங்கோ, ரெண்டும் இலவசம். ஒரு அடைப்புக்குறி விட்டதுக்கு அரை நாள் எரர் காட்டும், அழாதேங்கோ. இங்கிலீஷை இப்பவே பிடியுங்கோ, லெக்சர் அதிலதான்.